வற்றத்தில் ஏறிய தண்ணீர்

தண்ணீரில் உப்பில்லை.

உதட்டை நக்கிப் பார்த்தாள். மறுபடி நக்கினாள். கிணற்றுத் தண்ணீர் மாதிரி சப்பென்று இருந்தது.

காலையில் இறங்கும்போது கரித்தது. கழிமுகத்துத் தண்ணீர் எப்போதும் கரிக்கும். கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவளுக்கு நாக்குதான் முதலில் சேதி சொல்லும். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்திருப்பதால் வாய் கொஞ்சம் திறந்தே இருக்கும். தண்ணீர் தளும்பும்போதெல்லாம் ஒரு மிடறு உள்ளே போய்விடும்.

கரிப்பு குறைந்தால் மழை. கரிப்பே இல்லையென்றால் மேற்கே ஏரியைத் திறந்துவிட்டார்கள்.

திறந்தால் போனில் சேதி வரும் என்று சொல்லியிருந்தார்கள். வந்திருக்கும். போன் கரையில், பிளாஸ்டிக் பையில், செருப்புக்கு அடியில் கிடக்கிறது.

எழுந்து நின்றாள்.

தண்ணீர் தொப்புளுக்கு மேல் நின்றது. காலையில் இதே இடத்தில் தொடைதான் நனைந்தது. குந்தியிருந்தவள் எப்போது மண்டிபோட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இறால் அகப்படும்போது உடம்பைப் பற்றி யாருக்கு நினைப்பு.

இது வற்றத்தின் நேரம். கடல் இழுத்துக்கொள்ள, இங்கே தண்ணீர் வடிய வேண்டும். வடிய வேண்டிய நேரத்தில் ஏறுகிறது.

நாலு மாதமாக முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடந்தது. உள்ளே தண்ணீர் பச்சை பிடித்து நாறியது. கடலுக்குப் போனவர்கள் மீனுக்குப் பதில் கொழகொழவென்ற சொறிமீனை வலையில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினார்கள். போன வாரத்து மழையில்தான் மணல் தானாக உடைத்துக்கொண்டது. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. அன்றிலிருந்து இறால் என்றால் அப்படி ஓர் இறால்.

இப்போது ஏரித் தண்ணீர் மொத்தமும் அந்த உடைப்பு வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும்.



தேசம்மா எங்கே?

அவள் தங்கை. இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் வாய் ஓயாதவள். பறியைக் கடிக்கத் தெரியாமல் இல்லை. எதையாவது பார்த்தால் சொல்லாமல் இருக்கத் தெரியாது. ஒரு கொக்கு பறந்தால் போதும், அதைச் சொல்ல வாயைத் திறப்பாள். பறி நழுவும், பிடித்ததெல்லாம் போகும். இன்று காலை இவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பறி நிறையும் வரை வாயைத் திறந்தால் நாளையிலிருந்து கூட்டிவர மாட்டேன் என்று.

தேசம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பறியைக் கடித்தபடி கண்ணால் சிரித்துவிட்டுக் கிழக்கே நகர்ந்துபோனாள்.

கிழக்கேதான் முகத்துவாரம்.

கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். எதிர்வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. அந்தக் கூச்சத்துக்குள் கறுப்புக் கறுப்பாய்த் தலைகள்.

ஒன்று அசைந்தது. அப்பாடா என்றிருந்தது.

ஆகாயத்தாமரை.

ஏரித் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தது. கொத்துக் கொத்தாக அவளைத் தாண்டிப் போயின. ஆள் நடக்கிற வேகத்தில் போயின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைவிட வேகமாகப் போயின.

கத்தினாள். ம்ம் என்று மாடு மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. பறி பல்லிலேயே இருந்தது. பயத்தில் தாடை பூட்டிக்கொண்டுவிட்டது.

பறியைக் கையால் பிடுங்கி எறிந்தாள். முக்கால் பறி இறால். போகட்டும்.

தங்கை பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

பதில் இல்லை.

வாயில் பறி இருக்கும், அதனால்தான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என்றைக்கும் சொன்ன பேச்சைக் கேட்காதவள் இன்றைக்குப் பார்த்துக் கேட்கிறாள். ஏன் அதைச் சொன்னேன், என் நாக்கு அழுகிப்போக, என்று தன்னையே வைதாள். கட்டைவிரலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு மறுபடி கத்தினாள்.

"தேசம்மா, பறிய உட்டுடுடி. வாயத் தொறடி."

தொலைவிலிருந்து பதில் வந்தது.

மெல்லிசாக வந்தது, ஆனால் உற்சாகமாக வந்தது. பறி நிறைந்துவிட்டதாம். கரிப்பைத் தேடி இறாலெல்லாம் இந்தப் பக்கம்தான் ஓடிவருகிறதாம். காலிலெல்லாம் வந்து முட்டுகிறதாம். அக்காவும் சீக்கிரம் வர வேண்டுமாம்.

போன உயிர் திரும்பி வந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. துடைத்துவிட்டுக் குரல் வந்த பக்கம் பார்த்தாள்.

கறுப்புத் தலைகளில் ஒன்று மட்டும் நகராமல் நின்றது. அதன் பக்கத்தில் ஒரு கை பறியைத் தூக்கிக் காட்டியது. பின்னால் வெள்ளை வெள்ளையாய் அலை உடைந்துகொண்டிருந்தது.

தலைதான் தெரிந்தது. முகவாய்க்கட்டையைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. பறி நிறைந்த பிறகும் குந்திக்கொண்டு தடவுகிறாள், பேராசை பிடித்த கழுதை.

"போதும், எந்திரி," என்று கத்தினாள். "எந்திரிச்சு நின்னு, இந்தப் பக்கமா நடந்து வா."

தூக்கிய கை அப்படியே இருந்தது.

"நின்னுகினுதான்க்கா கீறேன்."