கதவுப் பிடியில் பிசுக்கு

"இன்னிக்கும் பிசுபிசுன்னு இருக்கு, பாருங்க சார்."

அட்டைப்பெட்டி கம்பெனியின் கதவைத் திறந்து உள்ளே வந்தவள், கையை விரித்து சூப்பர்வைசரிடம் காட்டினாள். அங்கே எல்லோருக்கும் அவள் பெரியக்கா.

"யார் வேலைன்னு நினைக்கிறீங்க?"

"அதை என் வாயால வேற சொல்லணுமா? யார் எல்லாருக்கும் முன்னாடி வந்து நிக்கிறாங்களோ, அவங்கதான்."

பவுடரைத்தான் சொன்னாள். எந்நேரமும் பையில் க்ரீம் டப்பாவும் கண்ணாடியுமாக இருப்பவளுக்குப் பெண்கள் வைத்த பேர் அது.

நிரந்தர வேலை ஒன்றே ஒன்றுதான் காலி. அதற்குப் போட்டி இவர்கள் இரண்டு பேர். பெட்டியில் எண்ணெய்க் கறை பட்டால் சரக்கு அப்படியே திரும்பி வரும். தன் பெட்டி கறைபடட்டும் என்றுதான் பவுடர் கதவுப் பிடியில் எதையோ தடவி வைக்கிறாள் என்பது பெரியக்காவின் கணக்கு.

கறைக்குப் பயந்தே பெரியக்கா பாத்திரம் துலக்கும் சோப்பால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். அட்டை பாதி, சோப்பு பாதி என்று ஈரப்பசையை உறிஞ்சியதில் விரல்கள் காய்ந்து வெடித்துக் கிடந்தன.

போன மாதம் பவுடரே டப்பாவை நீட்டினாள். "கை ரொம்பக் காய்ஞ்சு கிடக்குக்கா. ராத்திரி கழுவினதும் ஈரம் போறதுக்குள்ள தடவுங்க. காலையில அட்டையில ஒட்டாது."

"மினுக்கிக்கிட்டுத் திரிய எனக்கு நேரமில்லம்மா. வேலை செய்யிற கை இப்படித்தான் இருக்கும்."

அன்றோடு பேச்சு நின்றது.

அந்தச் சமயத்தில்தான் கைரேகை பார்த்து வருகை பதியும் மெஷின் பெரியக்காவைப் படாதபாடு படுத்தியது. விரலை வைத்தால், 'மீண்டும் வைக்கவும்' என்று அதையே சொல்லும்.

"பதிவாகலைன்னா வேலைக்கு வரலைன்னுதான் அர்த்தம். மெஷின்கிட்ட நான் சிபாரிசு பண்ண முடியாது" என்றார் சூப்பர்வைசர்.

அன்றிலிருந்து கண்ணை மூடி, கடவுளை வேண்டிக்கொண்டு விரலை வைக்க ஆரம்பித்தாள். கடவுளும் கைவிடவில்லை. சில வாரமாக முதல் தடவையிலேயே 'நன்றி' சொல்கிறது.

மறுநாள் பிடி பளிச்சென்று இருந்தது. சூப்பர்வைசரே துடைத்துவிட்டுப் பக்கத்தில் காவல் நின்றார்.

"இன்னிக்கு சாயங்காலம் நிரந்தர வேலைக்கான பேரை மேல அனுப்பணும். சீக்கிரம் வாங்க எல்லாரும்."

முதல் ஆளாக வரும் பவுடர், என்னவோ இன்று வழிவிட்டுப் பின்னால் நின்றாள். பெரியக்கா வேண்டிக்கொண்டு விரலை வைத்தாள்.

'மீண்டும் வைக்கவும்.'

ஊதினாள். துடைத்தாள். வைத்தாள்.

'மீண்டும் வைக்கவும்.'

"மெஷினுக்கு உங்க மேல என்ன கோபம் பெரியக்கா?" என்று வரிசையில் ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி பவுடரின் காதைக் கடித்தாள். "பழம் நழுவிப் பால்ல விழுதுடி உனக்கு."

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி அடித்துவிட்டால் இன்றைக்கு அவள் வராதவள்தான். பெரியக்கா விரலைப் புடவையில் தேய்த்து மறுபடி நீட்டினாள்.

அந்தக் கையைப் பின்னாலிருந்து வந்த இரண்டு உள்ளங்கைகள் பொத்திக்கொண்டன. கட்டைவிரலை இதமாகத் தேய்த்துவிட்டன.

"இப்ப வைங்கக்கா."

'நன்றி.'

மணி அடித்தது. பெரியக்கா தன் விரலை முகர்ந்தாள். தினமும் கதவுப் பிடியில் ஒட்டிக்கொள்ளும் அதே வாசனை.

அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் க்ரீம் டப்பா அவள் உள்ளங்கைக்கு வந்திருந்தது. பவுடர் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"யாரோ பிடியைத் துடைச்சுட்டாங்கக்கா. இனிமே ராத்திரி நீங்களே தடவிக்கிட்டா, நான் விடியறதுக்கு முன்னாடி ஓடி வர்ற வேலை மிச்சம்."