கூட வேண்டிய சர்க்கரை

ஜெனிலாவின் ஒரு கையில் இன்சுலின் ஏறிக்கொண்டிருந்தது, மறு கையில் சர்க்கரைத் தண்ணீர். கைப்பந்து ஆடுகிற ஒல்லியான பெண். ஆனால் அப்பா, அம்மா இருவருக்குமே சர்க்கரை வியாதி என்பதால் ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "தசைக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியா அடுப்பு மாதிரி. பொதுவா அது நல்லா எரிஞ்சா, இன்சுலின் வந்து கதவத் தட்டினதும் தசை சர்க்கரைய வாங்கிக்கும். நாங்க சர்க்கரைத் தண்ணித் துளியக் கூட்டிட்டே போவோம். மந்தமா இருந்தா வாங்காது, கொறைச்சிருவோம்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

வேதமாணிக்கம் மகளின் கட்டிலருகே உட்கார்ந்து துளியையே பார்த்தார். வாழ்நாளெல்லாம் சர்க்கரை குறைய வேண்டுமென்று ஜெபித்தவர், இன்று அது கூடிக்கொண்டே போக வேண்டுமென்று ஜெபித்தார். அவர் ரத்தம் சோதித்துவிட்டு வரும்போதெல்லாம் ஜெனிலா வாசலிலேயே மறித்துக் கேட்பாள். "கொறஞ்சிருக்கு மக்ளே" என்பார். அவருடைய கால்விரலை வெட்டி எடுத்த வாரத்திலும் அதையேதான் சொன்னார்.

டாக்டரம்மா ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார். சர்க்கரைத் தண்ணீர்க் குழாயின் திருகைக் கட்டைவிரலால் உருட்டிவிட்டு, எழுதுவதற்காக மேசைப் பக்கம் போனார்.

"அப்பா, கூட்டினாங்களா?" கண்களை மூடியபடியே கேட்டாள் ஜெனிலா.

வேதமாணிக்கம் குழாயைப் பார்த்தார். அடுத்த துளி விழும்வரை பார்த்தார்.

"கூட்டினாங்க மக்ளே."

வாசலில் கேட்ட அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். கண்ணைத் திறந்தாள்.