கமலவேணி கேட்க வந்தது

"இதுல என்னம்மா இருக்கு? வெறும் இரும்புத் தகடுதானே!"

சொன்ன பிறகுதான் கமலவேணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மருமகளிடம் நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்று தன் ஊரான ஆயர் குரோவிலிருந்து பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்திருந்தாள். வாயைத் திறந்தால் பழைய வாய்தான் வருகிறது.

றெஜினா கோபப்படவில்லை. "தகடுதான் மாமி, வேற ஒண்டும் இல்ல. கிட்டப் போய்ப் பாருங்கோ" என்று சிரித்தாள்.

மியூசியத்துப் புல்வெளியில் ஆளுயரத்துக்கு இரண்டு தகடுகள் நின்றன. பூ இல்லை, முகம் இல்லை, சாயம்கூட இல்லை. சற்றுத் தள்ளி ஒரு கருங்கல் சதுரம், அதற்கப்பால் ஒற்றைக் கம்பி. எல்லாம் றெஜினா செய்த சிற்பங்கள். பேப்பரில் அவள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கமலவேணி கிளம்பி வந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் மகன் திலீபன் றெஜினாவைக் கல்யாணம் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, "வேதக்காரப் பொண்ணு என் வீட்டுல கால் வைக்கக் கூடாது! நீயும் இந்தப் பக்கம் வராத" என்று கதவைச் சாத்தியவள் கமலவேணி.

இப்போது தகடுகளுக்கு நடுவே நுழைந்து நடந்தாள். வெளியே கொளுத்திய வெயில் அங்கே விழவில்லை.

"காத்து நல்லா வருது லா. அழகாத்தான் இருக்கு."

றெஜினாவின் முகம் மலர்ந்தது. ஆனாலும் பார்வை அடிக்கடி கேட் பக்கம் போய் வந்தது. கமலவேணியின் கண்ணும் ஓயவில்லை. கூட்டத்தில் நெட்டையாக யார் தெரிந்தாலும் மகனோ என்று எட்டிப் பார்த்தாள். வேலை முடிந்துதான் வருவான் போலிருக்கிறது என்று தேற்றிக்கொண்டாள்.

றெஜினா சிரப் தண்ணீர் வாங்கி வந்தாள். இருவரும் மரநிழல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அன்னைக்கு நான் பேசினது ரொம்பத் தப்பும்மா" என்றாள் கமலவேணி. "பெத்த மனசு இப்படிக் கல்லாப் போகுமா?"

"என்னிலயும் பிழை இருக்கு மாமி. நானும் வீம்பு பிடிச்சிட்டன். ஒரு போன்கூட எடுக்கேல்ல."

"நான் மட்டும் எடுத்தேனா? அவனே வரட்டும்னு பேசாம இருந்துட்டேன்."

றெஜினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி கமலவேணிக்குத் தைரியம் தந்தது. இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டாள்.

"போனதெல்லாம் போகட்டும்மா. திலீபன் எங்க? அம்மா மூஞ்சில முழிக்க மாட்டேன்னு ஒளிஞ்சிருக்கானா? கூப்பிடு அவன. கையப் பிடிச்சு மன்னிப்புக் கேக்குறேன்."

றெஜினாவின் பிடி தளர்ந்தது.

"என்ன மாமி சொல்லுறீங்க? போன தீபாவளிக்கு முன்னமே என்னோட சண்டை பிடிச்சு, 'எங்கம்மாகிட்டயே போறேன்' எண்டு உங்கட வீட்டுக்குத்தானே வெளிக்கிட்டவர்!"