பாலத்துக்கு இந்தப் பக்கம்

மூன்றாவது தடவையும் சாவி பூட்டுக்குள் போகவில்லை. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு கையுமா நடுங்குகிறது என்று சலித்துக்கொண்டே, கண்ணாடியை மாட்டிக் குனிந்து பார்த்தார் பெரியவர். பூட்டே புதுசு.

பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாடி வீட்டில் இருபத்தேழு வருஷமாக வாடகைக்கு இருக்கிறார். இந்த ஊர்ச் சட்டப்படி பழைய குடித்தனக்காரரைக் காலி பண்ணச் சொல்ல முடியாது, இஷ்டத்துக்கு வாடகையை ஏற்றவும் முடியாது.

பாலத்தைத் தாண்டினால் அடுத்த ஊர். அங்கே வீட்டுக்காரர் வைத்ததுதான் சட்டம். அந்தப் பக்கம் குடியிருக்கும் பெரியவரின் ஒரே மகள் நாலு வருஷத்தில் மூன்று வீடு மாறிவிட்டாள். இப்போது நாலாவதற்கும் நாள் குறித்தாகிவிட்டது.

ஆபரேஷன் முடிந்ததும் அவள்தான் வம்படியாகத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். குறை சொல்ல முடியாது, தாங்கு தாங்கென்று தாங்கினாள். வாரத்துக்கு ஒரு தடவை அவர் பையைத் தூக்குவார்.

"இன்னும் ஒரு வாரம் இருங்கப்பா. அந்த மாடிப்படியில உருண்டு விழவா இவ்வளவு அவசரம்?"

"வீடு பூட்டியே கெடக்கேம்மா."

"நான் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். வீடு எங்கயும் ஓடிப் போகல."

இப்படியே இரண்டு மாசம் ஓடியது. நேற்று ராத்திரிதான், புது வீட்டுக்கு அட்வான்ஸ் புரட்டியாகிவிட்டது என்று சொன்னவள், அவர் கேட்காமலேயே, "நாளைக்கு நீங்க கெளம்பலாம்பா" என்றாள்.

பூட்டை ஆட்டிப் பார்த்த சத்தம் கேட்டு வீட்டுக்காரர் கீழேயிருந்து ஏறி வந்தார். தகப்பன் காலத்துக்குப் பிறகு வீடு கைக்கு வந்தவர், சின்ன வயசு.

"எதுக்குப்பா பூட்டை மாத்தின?"

"உங்க சாமான் பத்திரமா இருக்கு சார். எப்ப வேணா வந்து எடுத்துக்கலாம். வீடு இனிமே உங்களுக்கு இல்ல."

"என்னைக் காலி பண்ணச் சட்டத்துல இடமே இல்ல!"

"இருக்கு சார். சேந்தாப்ல அறுபது நாள் வீடு பூட்டிக் கெடந்தா, குடித்தன உரிமை போயிடும். முந்தாநாளோட அறுபது முடிஞ்சுது. நேத்தே வாடகை ஆபீஸ்ல எழுதிக் குடுத்து உத்தரவு வாங்கிட்டேன்." முத்திரை குத்திய காகிதத்தை நீட்டினார்.

பெரியவர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்கப்பா காலத்துலேந்து ஒரு மாசம்கூட வாடகை தவறினதில்ல. ஆஸ்பத்திரிக்குப் போனவனுக்குக் குழி பறிக்கணும்னே ஒக்காந்து சட்டம் படிச்சியா?"

வீட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சத்தியமா எனக்கு இந்தச் சட்டமே தெரியாது சார். காசு குடுத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். உங்க பொண்ணுதான் வந்து சொல்லிக் குடுத்தாங்க."