ஐந்தாவது வளைவு

“அஞ்சாவது வளைவுல அப்படி என்ன பயம் உனக்கு?”

கணவன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். பந்தயத் தடத்தில் மனைவி கார் ஓட்டிய பத்துச் சுற்றுகளும் கோடுகளாக நெளிந்தன.

“பாரு, ஒன்பது சுத்துல அந்த இடத்துக்கு வந்ததும் வேகம் தொபுக்குனு விழுது. நாளைக்கு அணிக்கு ஆள் எடுக்கறப்பவும் இப்படி ஓட்டினா அவ்வளவுதான்!”

“பயமெல்லாம் இல்லீங்க.”

“அப்ப பிரேக்கா, டயரா? மூணு மணி நேரமா மண்டையை உடைச்சுக்கறேன். ஏழாவது சுத்துல மட்டும் சிட்டாப் பறந்திருக்கியே, எப்படி?”

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அப்ப நீங்க பாத்ரூம் போயிட்டீங்க. மத்த ஒன்பது தடவையும் அந்த வளைவுல வேலியோரமா நின்னு, கண்ணை இறுக மூடிக்கிட்டு, ரெண்டு கையாலயும் ‘மெதுவா, மெதுவா’ன்னு ஜாடை காட்டினீங்க. சிரிச்ச சிரிப்புல கால் தானா பிரேக்குக்குப் போயிடுச்சு!”

“நானா?” அவன் முகத்தில் அசடு வழிந்தது.

மறுநாள் தேர்வு முடியும்வரை, வெளியே நிறுத்தியிருந்த சொந்தக் காரின் பின்சீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தான். கண்ணாடியைத் தட்டி, “என்னை எடுத்துட்டாங்க!” என்று அவள் குதித்தபோது, கதவைத் திறக்கத் தோன்றாமல் அவனும் உள்ளேயே குதித்துத் தலையை இடித்துக்கொண்டான்.