தாழ்ப்பாளின் வாக்குமூலம்

நேற்று தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி மூன்று தொழிலாளர் மாண்ட ஆலை. பின்கதவின் தாழ்ப்பாளைப் பாதுகாப்பு ஆய்வாளர் சுத்தியலால் தட்டினார், அசையவில்லை.

“நேத்துவரைக்கும் திறந்த கதவுங்க. சூட்டுல இரும்பு விரிஞ்சு சிக்கிக்கிச்சு,” என்றார் முதலாளி.

“விரிஞ்ச இரும்பு ஆறினா பழையபடி சுருங்கிடும்யா. இது துரு! இரும்பே வேற பொருளா மாறிப்போச்சு. ஒரே நாள்ல இவ்வளவு துரு ஏறுமா? யார் காதுல பூ சுத்துறீங்க?”

ஆய்வாளரின் குரலில் ஆலையே அதிர்ந்தது. கணவனைப் பறிகொடுத்து நின்றவளிடம் திரும்பினார்.

“அழாதேம்மா. இந்தக் கதவு திறக்கும்னு பொய் சொன்னவனைக் கம்பி எண்ண வைக்கிறேன்.”

முதலாளி பதறாமல் சோதனைப் பதிவேட்டை நீட்டினார். ‘பின்கதவு நன்றாகத் திறக்கிறது’ என மாதந்தோறும் எழுதிக் கையெழுத்திடப்பட்டிருந்தது.

கையெழுத்து ஆய்வாளருடையது. அந்தக் கதவை அவர் கண்ணால் பார்த்ததே இன்றுதான்.