திரும்பி வந்த நியூட்

நவீன்குமார் மேசைமேல் வைத்த வேகத்தில் டப்பாவிலிருந்த தண்ணீர் தளும்பி வெளியே வழிந்தது. உள்ளே இருந்த பெண் நியூட் பயந்துபோய் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டது.

"ஏனுங்க, நல்ல சாமான்னு சொல்லித்தானே குடுத்தீங்க? மூணு ஈடு முட்டை போட்டாச்சு. ஒண்ணு கூடப் பொரிக்கலீங்க."

சந்தனத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனைக்கரையில் ஏலத்தோட்ட வேலை போக மிச்ச நேரமெல்லாம் பத்து வருஷமாக நியூட்டோடு கிடப்பவர் அவர். தண்ணீரில் வாழும் பிராணி அது; பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், பிறப்பால் தவளைக்குச் சொந்தம். கருப்பு உடம்பும் ஆரஞ்சு வயிறுமாக இருந்த இந்தப் பெண்ணை முட்டையிலிருந்து தன் கையால் வளர்த்து விற்றவரிடம் வந்து 'சாமான்' என்றால் எப்படி இருக்கும்?

ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு விசாரித்தார். உங்கள் ஊர் எருத்தேன்பதி வெயிலுக்குத் தண்ணீர் சூடாகியிருக்கும் என்றார். அந்த அறைக்கு ஏசியே போட்டிருக்கிறோம் என்றான் அவன். தாயும் தகப்பனுமே முட்டையைத் தின்றுவிடும், பிரித்து வைத்தீர்களா என்று கேட்டார். முட்டை ஒட்டியிருந்த நீர்ச்செடி இலையோடு கத்தரித்து வேறு தொட்டியில்தான் வைத்தோம், எல்லாம் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துவிட்டது என்று போனில் படம் காட்டினான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. சந்தனத்துக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

அவன் மனைவி செல்வப்பிரியா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஆனால் அவள் முகத்தில் புருஷனைவிட நாலு மடங்கு கோபம் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று சந்தனம் நினைத்துக்கொண்டார்.

இதற்காகவா இவ்வளவு தூரம் மெனக்கெட்டீர்கள் என்று கேட்டார். மனைவியின் ஊர் குமுளி, போகிற வழியில் இதையும் முடித்துவிடலாம் என்று வந்தோம் என்றான் நவீன்குமார். வெளியே நின்ற காரின் பின்சீட்டில் இரண்டு பெரிய பெட்டிகளும் ஒரு தையல் மெஷினும் இருந்தன.

"சரி, ஆண் எங்க?"

"அது எதுக்குங்க? அது நல்லா ஓடியாடிட்டு இருக்குது. கோளாறு பொட்டையிலதான்னு எங்கம்மா பாத்த ஒடனே சொல்லீட்டாங்க. வேற பொட்டை மாத்திக் குடுங்க."

மாற்றித் தராவிட்டால், நியூட் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சந்தனம் கோளாறான உருப்படியை விற்கிறார் என்று போட்டுவிடுவானாம். பத்து வருஷப் பெயரை ஒரே மெசேஜில் கெடுத்துவிடுவேன் என்று வீட்டுக்குள்ளேயே வந்து மிரட்டுகிறான். சந்தனத்தால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"மூணு தடவை முட்டை போட்டுருக்கு. அது தன் வேலையச் செஞ்சிருச்சுய்யா. ஆணுல கோளாறு இருந்தா எத்தனை முட்டை போட்டாலும் வெள்ளையாத்தான் போகும். அதைப் பாக்காமக் கொள்ளாம இவளைத் திருப்பிக் கொண்டாந்து போடுறது என்ன நியாயம்?"

டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். எந்தக் குழுவில் வேண்டுமானாலும் போடு, வேறு பெண் கிடையாது, வேண்டுமென்றால் ஆணைக் கொண்டுவந்து காட்டு என்று கத்தினார். நவீன்குமாரின் முகம் ஏனோ கறுத்துப்போயிற்று. கார் சாவியை எடுத்தான்.

"அந்த ஆணை ஒருநாளாவது பரிசோதிச்சுப் பாத்தீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

அவன் அதற்குள் காரை நோக்கி நடந்துவிட்டான். வாசலிலிருந்து செல்வப்பிரியாதான் பதில் சொன்னாள்.

"அவுக வீட்டுல ஆம்பளைக்கு டெஸ்ட் எடுக்குற வழக்கம் இல்லண்ணே. என்னையும் இன்னைக்குத் திருப்பி விடத்தான் கூட்டியாந்திருக்காக."